என்கிட்டதான் இருக்கா

"ஆமா சார், என்கிட்டதான் இருக்கா" என்று கோமதி சொல்லிவிட்டாள். வார்த்தை வாயை விட்டு இறங்குவதற்குள் கணக்கு வாத்தியார் கிருபாகரன் நாலு படி மேலே ஏறிவிட்டார், கையில் சாக்பீஸ் டப்பாவோடு, பாரம் இறங்கிய மனுஷனாக. "அப்பாடா, நல்லதாப் போச்சு மிஸ். சாப்பிட்டு வந்து உக்காந்த ஒடனே எந்திரிச்சிட்டா அந்தச் சண்மதி. கவுன்சிலர் மிஸ்னா. மூஞ்சியே சரியில்ல. போம்மான்னு அனுப்பிட்டேன்." அவர் திருப்பத்தில் மறைந்த பிறகும் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அதுவும் நின்ற பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. சண்மதி அவளிடம் இல்லை. சாப்பாட்டு மணி அடித்ததிலிருந்து இந்த நிமிஷம் வரைக்கும் கோமதி தாளாளர் அறையில் ஏசிக் குளிரில் உட்கார்ந்து, பிள்ளைகளின் மனக்குறை கேட்க அவளைக் கவுன்சிலராகப் போட்ட பிறகு நடுநிலை வகுப்புகளில் ஃபெயில் எண்ணிக்கை எப்படி இறங்கியிருக்கிறது என்று சுவரில் படம் காட்டிக்கொண்டிருந்தாள். கீழே இறங்கும் அந்தக் கோட்டைப் பார்த்து டிரஸ்டிகள் கைதட்டினார்கள். முந்திரி கேக் கொடுத்தார்கள். அதன் இனிப்பு இன்னும் பல்லிடுக்கில் இருக்கிறது. ஏன் ஆமா என்றாள்? தெரியாது என்று சொல்ல ஒரு நொடிதான் ஆகும். ஆனால் அவளுக்கு அந்தச் சொல் எப்போதும் பிந்திதான் வரும், எட்டாவது வரைக்கும் தமிழில் படித்துவிட்டு ஒன்பதாவதில் கொண்டுபோய் இங்கிலீஷ் மீடியத்தில் போட்ட வருஷத்திலிருந்தே. டீச்சர் என்ன கேட்டாலும் யெஸ் மிஸ். புரிந்ததா, யெஸ் மிஸ். வீட்டுப்பாடம் எழுதினாயா, யெஸ் மிஸ், எழுதவில்லை என்பது அதற்கப்புறம்தான் ஞாபகத்துக்கு வரும். முந்திக்கொண்டு தலையாட்டிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் என்று பதின்மூன்று வயதில் கற்றுக்கொண்ட தந்திரம், கடல் தாண்டிப் போய் அடிலெய்டில் பட்டம் வாங்கி, அங்கே பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்து, நாற்பத்தெட்டு வயதில் ராஜபாளையத்துக்குத் திரும்பி வந்து, இந்தப் படிக்கட்டில் நிற்கிறபோது, கேட்காமலே வாய்க்குள் வந்து நிற்கிறது. ஆமா சார். என்கிட்டதான். சரி, பதறாதே, உன் அறை வாசலில்தான் உட்கார்ந்திருப்பாள், வேறு எங்கே போவாள், காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு, நகத்தைக் கடித்துக்கொண்டு, போ, போய்ப் பார்.

வாசலில் யாரும் இல்லை. கதவு பூட்டியிருந்தது, பூட்டியவள் அவளேதான், சாவி அவள் கைப்பைக்குள்தான் இருந்தது. போன வாரம் லைப்ரரியிலிருந்து ஒரு டேப்லெட் காணாமல் போனதிலிருந்து ஆளில்லாத அறை எதுவும் திறந்திருக்கக் கூடாது என்று பிரின்ஸிபால் மேடம் உத்தரவு, மதியம் அவசரத்தில் அவளும் மற்ற எல்லாரையும் போலப் பூட்டிவிட்டுப் போனாள், பூட்டியதை இழுத்துக்கூடப் பார்த்தாள். கதவில் அவளே ஒட்டிய மஞ்சள் அட்டை: எப்போதும் வரலாம். அந்த எழுத்துக்களுக்குக் கீழே பூட்டு தொங்கியது. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் அவள் வந்த புதிதில் ஸ்டாஃப் ரூமில் எல்லாரிடமும் சண்டை போட்டாள். எந்தப் பிள்ளையும் எந்த வகுப்பிலிருந்தும் 'கவுன்சிலர் மிஸ்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், ஏன் எதுக்கு என்று கேட்கக் கூடாது, அனுமதிச் சீட்டு கிடையாது, துணைக்கு ஆள் கிடையாது, விட்டுவிட வேண்டும். "கணக்கு டெஸ்ட் வச்சா மொத்த கிளாஸும் உங்க ரூம்லதான் இருக்கும், பாத்துக்கோங்க" என்று கேலி பண்ணினார்கள். ஊரில் கவுன்சிலர் என்றால் வார்டு கவுன்சிலர்தானே, வாட்ச்மேன் மாடசாமி கூட முதல் நாள் அவளிடம் "எங்க தெருவுல லைட்டு எரியல மிஸ், கொஞ்சம் சொல்லுங்க" என்றார். ஆனால் பிள்ளைகள் ஒழுங்காகத்தான் வந்தார்கள், ஒழுங்காகத்தான் திரும்பிப் போனார்கள், ஒரு வருஷமாக அந்தச் சொல்லை யாரும் கெடுக்கவில்லை. கெடுத்தது யார் இப்போது. போன வாரம் சண்மதி இந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தாள், ஒற்றைப் பின்னல், காதில் வேப்பங்குச்சி, கேள்வி கேட்டால் ஜன்னலைப் பார்த்துப் பதில் சொல்கிற பிள்ளை. "டி செக்‌ஷனுக்குப் போனவங்க திரும்ப ஏ-க்கு வந்திருக்காங்களா மிஸ்?" "வந்திருக்காங்களே." "யாரு?" கோமதிக்கு ஒரு பேரும் நினைவுக்கு வரவில்லை, சிரித்து மழுப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க எப்பவும் இங்கதான் இருப்பீங்களா மிஸ்?" "எப்ப வந்தாலும் இந்தக் கதவு தெறந்துதான் இருக்கும்." "லீவு போட்டீங்கன்னா?" "போட மாட்டேன்." அப்போதுதான் அந்தப் பிள்ளை முதல்முறையாக ஜன்னலை விட்டு அவளைப் பார்த்தது. பார்த்த பார்வை. அதை இப்போது நினைக்காதே. நட.

பெண்பிள்ளைகள் கழிப்பறையில் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. கதவுகளுக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்தாள், கறுப்பு ஷூ தெரிகிறதா, ஒன்றிலும் தெரியவில்லை, கடைசிக் கதவு மட்டும் ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தது, தோளால் இடித்தாள், உள்ளே பினாயில் வாளியும் துடைப்பமும். சண்மதி, என்று மெதுவாகக் கூப்பிட்டாள். ஏன் மெதுவாக? வாய்விட்டுக் கூப்பிட்டால் தொலைந்துவிட்டாள் என்று ஆகிவிடும். இன்னும் தொலையவில்லை, பள்ளிக்கூடத்தின் கணக்கில் அவள் கவுன்சிலர் மிஸ்ஸிடம் பத்திரமாக இருக்கிறாள், கிருபாகரன் சார் நிம்மதியாக எட்டாம் வகுப்புக்குப் பின்னம் நடத்துகிறார். தரைத்தளத்தில் ஏழாம் வகுப்பு டி. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் ஒரு காலி நாற்காலி, நீலம், முதுகில் வெள்ளை பெயிண்டில் சண்மதி, அதன் கீழே இன்னும் 7 ஏ. இந்தப் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு வழக்கம். காலாண்டு மார்க் வந்ததும் மார்க் வரிசைப்படி ஏ-யிலிருந்து டி வரை பிள்ளைகளைக் கலைத்து அடுக்குவார்கள், இடம் மாறுகிற பிள்ளை தன் பேர் எழுதிய நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு புது வகுப்புக்குப் போக வேண்டும். இன்றைக்குக் காலையில் பிரேயர் முடிந்ததும் வராண்டா முழுக்க நாற்காலிகள் நடந்தன, தலைக்கு மேலே நாலு கால், கீழே இரண்டு கால். மேலே ஏறுகிறவர்களுக்கு மற்றவர்கள் கைதட்டினார்கள், இறங்குகிறவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள், அந்த ஒதுங்கல்தான் தாங்க முடியாதது. கோமதி மைக்கில் பேசினாள். இது தண்டனை இல்லை கண்ணுகளா, உங்களுக்கு ஏத்த வேகத்துல படிக்க ஒரு வாய்ப்பு. தாளாளர் கேட்டுக்கொண்டபடி, தாளாளர் விரும்பிய சொற்களில். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பிள்ளை மாடிப்படியில் நாற்காலியோடு இறங்கியதை அவள் பார்த்தாள், நாற்காலிக் கால் கைப்பிடியில் ஒவ்வொரு கம்பியிலும் இடித்து டங் டங் என்றது, பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். ஜன்னலோரத்துப் பிள்ளை ஒருத்தி அவளைக் கவனித்துவிட்டது. "மிஸ், சண்மதிய எப்ப விடுவீங்க? அவ சோத்துப் பொட்டி இங்கயே கெடக்கு, தெறக்கவே இல்ல." பின்னாலிருந்து ஒரு குரல், "டி-யில ஒரு நாள்கூட உக்காரமாட்டாங்களாம் மகாராணி." சிரிப்பு. கோமதியும் சிரித்தாள். இப்ப வருவா, என்றாள். இரண்டாவது பொய், முதலாவதைவிடச் சுலபமாக வந்தது.

அடிலெய்டில் இதற்கு ஒரு பொத்தான் இருந்தது. ஒரு பிள்ளையைக் காணோம் என்றால் அமுக்க வேண்டியதுதான், யார் வாசலுக்கு ஓட வேண்டும், யார் பெற்றோரைக் கூப்பிட வேண்டும், யார் மரங்களுக்குப் பின்னால் பார்க்க வேண்டும் என்று எல்லாம் முன்பே பிரித்து வைத்திருப்பார்கள், பயத்தையே பங்கு போட்டுக் கொடுத்துவிடுவார்கள், ஆளுக்கு ஒரு துண்டு. அங்கே அவள் பயப்பட்டதே இங்கிலீஷில்தான், அளவான வாக்கியங்களில், குறைந்த ஆபத்து, நடுத்தர ஆபத்து, அதிக ஆபத்து என்று. இங்கே அப்படி வரவில்லை. அடிவயிற்றிலிருந்து அம்மாவின் குரலில் வந்தது, ஐயோ பாவி, பெத்தவ எங்க வேலைக்குப் போயிருக்காளோ, எந்தத் தறி முன்னால நிக்காளோ, அவகிட்டப் போய் என்னன்னு சொல்லுவ. மில் சங்கு ஊதியது. ஷிஃப்டு மாறுகிற சங்குதான், தினம் கேட்பதுதான், அவள் வராண்டாத் தூணைப் பிடித்துக்கொண்டாள். பிரின்ஸிபாலிடம் போய்ச் சொல், இப்போதே. சொன்னால் மேடம் முதலில் மைக்கைத்தான் எடுப்பார், ஏழாம் வகுப்பு சண்மதி எங்கிருந்தாலும் உடனே ஆபீசுக்கு வரவும், ஆயிரத்துச் சொச்சம் காதில் அந்தப் பேர் விழும், அந்தப் பிள்ளை எங்காவது ஒரு ஓரத்தில் நின்றுகொண்டிருந்தால், ஏதாவது ஒரு விளிம்பில், அந்த நேரத்தில் தன் பேரை மைக்கில் கேட்டால். அதற்காகத்தான் சொல்லவில்லை. அதற்காகத்தானா? நாளையிலிருந்து அந்தச் சொல் செல்லாது என்பதற்காக இல்லையா, படம் காட்டிய அன்றைக்கே, கைதட்டல் ஓய்வதற்குள், நாங்க அப்பவே சொன்னோமே என்று ஸ்டாஃப் ரூம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் என்பதற்காக இல்லையா. இரண்டும்தான். எது எவ்வளவு என்று தெரியவில்லை. கேட்டில் மாடசாமி ஸ்டூலில் உட்கார்ந்து காதில் ரேடியோவைச் சொருகியிருந்தார். யாராவது வெளியே போனார்களா என்று நேராகக் கேட்க முடியாது, "என்னண்ணே, மத்தியானத்துலேருந்து ஆள் நடமாட்டமே இல்லயா?" என்றாள். "கேக் கொண்டாந்த வண்டிதான் மிஸ் போச்சு. வேற ஒரு ஈ காக்கா கெடயாது. நமக்கெல்லாம் கேக் உண்டா?" உண்டு, உண்டு, என்றாள். அப்படியானால் உள்ளேதான் இருக்கிறாள். உள்ளே என்றால். மைதானத்து மூலையில் பழைய கிணறு, மேலே இரும்புக் கிராதி, கிராதியில் காய்ந்த இலைகள், ஒன்றும் அசங்கவில்லை, ஆனாலும் அவள் முழங்கால் போட்டுக் கம்பிக்குள் பார்த்தாள், தண்ணீரில் அவளுடைய தலை மட்டும் தெரிந்தது. எழுந்தபோது சேலையில் முள். தலைக்கு மேலே, மூன்றாவது மாடிக்கும் மேலே, கைப்பிடிச் சுவரின் விளிம்பு வெயிலில் வெள்ளையாக இருந்தது, அதற்குப் பின்னால் மலை. ஐயோ, மேலே. இவ்வளவு நேரமும் கீழேயே தேடிக்கொண்டிருந்தது மேலே போகப் பயந்துதான் என்று அப்போது தெரிந்தது.

மூன்று மாடி. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு வகுப்பு, ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஒரு குரல், அக்பர், அமிலம், செயப்பாட்டுவினை, உலகம் அதுபாட்டுக்கு நடக்கிறது, யாராவது ஒருவர் எட்டிப் பார்த்து என்ன மிஸ் என்று கேட்டால் இங்கேயே உட்கார்ந்து அழுதுவிடுவாள், கேட்காவிட்டால் இன்னும் மோசம். மூச்சு வாங்கியது. முழங்கால் வலித்தது. பன்னிரண்டு வயசுக் கால்களுக்கு இது ஒரு ஓட்டம்தான். காலையில் மைக்கை வைத்துவிட்டுப் போய் அந்த நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்திருந்தால், ஒரு பக்கம்தானே, என்ன குறைந்துபோயிருக்கும். கடைசிப் படிக்கட்டில் யாரும் பெருக்காத தூசி, அதில் காலடிகள், யாருடையவை, பிளம்பருடையவையா, புறாக்களின் எச்சம், இருட்டு, பிறகு தகரக் கதவு. கதவில் பூட்டு. பெரிய பூட்டு, மழையில் நனைந்து துருப்பிடித்து வீங்கியது. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள், ஒரு தடவை, இன்னொரு தடவை, அசையவில்லை, அசையவே இல்லை. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். தகரம் சுட்டது. பூட்டி வைத்திருக்கிறார்கள், யாரோ ஒரு மகராசன் பூட்டி வைத்திருக்கிறான், நன்றாக இருப்பான். உள்ளங்கையில் பூட்டின் அச்சு செம்மண் நிறத்தில் பதிந்திருந்தது, முகர்ந்து பார்த்தாள், இரத்தம் மாதிரி ஒரு வாசனை. பயம் இறங்கும் என்று நினைத்தாள், அது இறங்கவில்லை, இடம்தான் மாறியது. இங்கே இல்லை என்றால் வேறெங்கோ. இனி தேடுவதற்கு இடங்கள் தீர்ந்துவிட்டன. போதும். இறங்கிப் போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான், மேடம், அந்தப் பிள்ளை என்னிடம் வரவில்லை, நான் பொய் சொன்னேன், மைக் வேண்டாம், ஆளுக்கு ஒரு பக்கமாகப் போய்த் தேடுவோம், அவள் அம்மாவுக்கு நானே ஃபோன் பண்ணுகிறேன். இறங்குகிற வழியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாள், தமிழில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை. இங்கிலீஷில் சொன்னால் நடைமுறைத் தவறு மாதிரி ஒலித்தது. தமிழிலேயே சொல்ல வேண்டும்.

ஆபீசுக்குப் போகிற வழியில்தான் எல்கேஜி ஹால். சாப்பாட்டுக்குப் பிறகு குட்டிகள் பாயில் தூங்குகிற நேரம், இடுப்பளவுத் தட்டிக்கதவு, உள்ளே மூன்று ஃபேன் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் சுற்றுகிற சத்தம். வாசலில் செருப்புகள் வரிசையாக, பட்டாம்பூச்சி போட்டவை, கார் போட்டவை, நடந்தால் கீச்சென்று கத்துபவை, உள்ளங்கை அகலம்கூட இல்லாதவை. அவள் அதைத் தாண்டிவிட்டாள். இரண்டடி போய் நின்றாள். திரும்பி வந்து பார்த்தாள். வரிசையின் கடைசியில் ஒரு ஜோடி கறுப்பு ஷூ, பெரியது, சாக்ஸை உள்ளே சுருட்டி வைத்தது. தட்டிக்கதவுக்கு மேலே குனிந்தாள். வெள்ளையும் சிவப்புமாகக் கட்டம் போட்ட சின்னச் சட்டைகளுக்கு நடுவில் சுவரோரமாகச் சாம்பல் நிறச் சுடிதார், முழங்காலை மடக்கி, குட்டிப் பாய் போதாமல் கால் தரையில் கிடக்க, ஒற்றைப் பின்னல். முதுகு ஏறி இறங்குகிறதா. ஃபேன் காற்றில் துணி ஆடுகிறதா, முதுகே ஆடுகிறதா. ஏறி இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது. சண்மதியின் கழுத்துக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு ஏதோ ஒரு வீட்டுப் பையன் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தான். ஆயா பேச்சியம்மாள் மூலையிலிருந்து எழுந்து வந்தாள், கொண்டையை முடிந்துகொண்டே. "நீங்க அனுப்புன புள்ளதான மிஸ்? கவுன்சிலர் மிஸ்னுச்சு. சரின்னு உள்ள விட்டேன். இந்தா இந்தப் பய தூங்காம உசுர எடுத்தான், அதுதான் தட்டிப் போட்டுச்சு, அதுவும் அப்பிடியே சாஞ்சிருச்சு." அந்தச் சொல் இங்கேயும் செல்லுபடியாகியிருந்தது. கோமதிக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாகத் திரும்பியது, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பாய்களுக்கு இடையில் கால் வைத்து வைத்துப் போய் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இருக்கிறாள். என்கிட்டதான் இருக்கா. இப்போது அது பொய் இல்லை. யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, மணி அடித்தால் கூட்டிக்கொண்டு போய் வேனில் ஏற்றிவிட்டால் போதும், அந்தச் சொல்லும் பிழைக்கும், அவளும் பிழைப்பாள், எவ்வளவு லேசாக முடிந்துவிட்டது. சண்மதியின் வலது கை பாய்க்கு வெளியே மல்லாந்து கிடந்தது. உள்ளங்கையில் செம்மண் நிறத்தில் ஒரு அச்சு. கோமதி தன் கையை விரித்து அதன் பக்கத்தில் வைத்தாள். அதே வளைவு. அதே நிறம்.

எவ்வளவு நேரம் அந்த இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. நிமிர்ந்தபோது பிள்ளை கண்ணைத் திறந்திருந்தது, இந்தத் தடவை ஜன்னலைப் பார்க்கவில்லை.

"உங்க ரூம் பூட்டியிருந்துச்சு மிஸ்."

"ஆமாடா. பூட்டிட்டுப் போயிட்டேன்."

"தட்டிப் பாத்தேன்."

"ம்."

"அப்புறம் மேல போனேன். அதுவும் பூட்டியிருந்துச்சு."

இதைக் கேட்க வேண்டியதுதான் அவளுடைய வேலை. நேராக, சுற்றி வளைக்காமல், குரலை உயர்த்தாமல் கேட்க வேண்டும் என்று எத்தனை வகுப்புகளில் சொல்லிக் கொடுத்தார்கள், அவளே எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தாள். "மேல எதுக்கும்மா போனே? செத்துப் போயிரலாம்னா?"

பிள்ளை பக்கத்தில் கிடந்த பையனின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. "தெரியல மிஸ்" என்றது. பிறகு, "கொஞ்சம் அப்பிடித்தான்." பிறகு, "யார்ட்டயும் சொல்லிராதீங்க மிஸ். அம்மாட்ட வேண்டாம். சரின்னு சொல்லுங்க."

சரி என்ற சொல் வந்துவிட்டது. வழக்கம்போல முந்திக்கொண்டு, கேட்டு முடிப்பதற்குள், நாக்கு நுனிக்கு வந்து நின்றது, சொன்னால் இந்த முகம் இப்போதே தெளியும், இந்தக் கை இப்போதே இளகும். கோமதி வாயை மூடிக்கொண்டாள். எச்சிலோடு விழுங்கினாள், கேக்கின் இனிப்போடு. வெளியே கடைசி மணி நீளமாக அடித்தது, பாய்களில் குட்டிகள் ஒவ்வொன்றாக எழுந்து உட்கார்ந்து, யாரைப் பார்க்கிறோம் என்று தெரியாமல் விழித்தன, ஒன்று அழத் தொடங்கியது, அதைப் பார்த்து இன்னொன்று.

"சொல்லணும்டா" என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாகிட்டச் சொல்லணும். மேடம்கிட்டயும். ரூமப் பூட்டிட்டுப் போனேன்னு, நீ வந்தப்ப நான் இல்லேன்னு, நீ என்கிட்ட இருக்கேன்னு பொய் சொன்னேன்னு, அதையும் சேத்துத்தான் சொல்லப் போறேன். நீயும் நானும் சேந்து போவோம். நீ பேச வேண்டாம், பக்கத்துல நின்னாப் போதும்."

சண்மதியின் முகம் மூடிக்கொண்டது, ஒரு ஜன்னலைச் சாத்துவது போல, கண்ணெதிரே. "நீங்களும் அப்பிடித்தானா" என்றாள், கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். கோமதி விடவில்லை. பேச்சியம்மாள் தட்டிக்கதவைத் திறந்து விட்டாள். அந்தப் பையன் எழுந்து உட்கார்ந்து, கட்டம் போட்ட சட்டையில் ஒரு பொத்தானைக் காணாமல், "அக்கா, என் பட்டன்" என்று கேட்டான். சண்மதி இன்னொரு கையை விரித்து அதைக் கொடுத்தாள். பிறகு வாசலுக்குப் போய், ஒரு கையாலேயே ஷூவை மாட்டத் தொடங்கினாள், இடது காலில் வலதை.